சூட்கேஸ் கடைக்குக் கீழே ஒரு கச்சேரி

போன மாதம் நியூயார்க்கில் ஒரு காரியம் செய்தேன். என் மகள் இன்னமும் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ட்ரம்ஸ் வாசிப்பவர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் நான் பாட்டுக்கு எழுந்து நின்றுவிட்டேன். கைப்பையைக்கூட எடுத்துத் தோளில் மாட்டியாகிவிட்டது.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு கதவும் அதன் மேல் ஒரு சின்ன விளக்கும்தான் தெரியும். உள்ளே போனதும் படி செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. என் முழங்கால் இருக்கிற அழகுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இறங்கினேன். கீழே தாழ்வான கூரை, நெருக்கிப் போட்ட சின்னச் சின்ன மேஜைகள். மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. கையை நீட்டினால் சாக்ஸபோன்காரரின் சட்டைப் பொத்தானைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். ஜாஸ் கிளப் என்றால் இதுதானாம். மகள் என் காதருகே குனிந்து, “அம்மா, இந்த மாதிரி எடத்துக்கு நீ ஃபர்ஸ்ட் டைம் வர்றே. மூச்சு முட்டினா சொல்லு, வெளியில போயிடலாம்” என்றாள்.

“எனக்கு இது ரெண்டாவதுடி” என்றேன்.

அவள் நம்பவில்லை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பிறந்து, திருச்சியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ரிடையர் ஆகி, இப்போது மகளுக்கு மாவடு பாட்டிலைப் பெட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிற அம்மாவுக்கு ஜாஸ் கிளப் ஏது? ஆனால் படி இறங்கும்போதே என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பூமிக்கு அடியில் இருக்கிற அறைக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரின் ஈரம், காற்று வராத மரம், பலபேர் சேர்ந்து மூச்சுவிட்ட கதகதப்பு. இதோடு ரெக்ஸின் வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் சேர்ந்துவிட்டால், அது பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற சந்தில், ஹனீபா பாயின் சூட்கேஸ் கடைக்குக் கீழே இருந்த குடோன்தான்.

அப்போது எனக்கு வேலை கிடைத்த புதிது. ஆபீஸ் தெப்பக்குளம் பக்கம். சனிக்கிழமை அரை நாள் லீவு. ஆபீஸ் விட்டதும் மெயின் கார்டு கேட்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி நேரே வீட்டுக்குப் போகிற நல்ல பெண் நான். ஒரு சனிக்கிழமை அப்பாவின் பழைய பெட்டிக்கு ஜிப் மாற்றுவதற்காக அந்தக் கடைக்குப் போனேன். கடை நிறையப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைவரை. சவூதி, துபாய், குவைத் என்று போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் பெட்டி வாங்குவார்கள். மாமியாரும் மாமனாரும் மனைவியும் கைக்குழந்தையுமாகக் குடும்பத்தோடு வருவார்கள். பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்ப்பது மச்சானின் வேலை. மனைவி மட்டும் எந்தப் பெட்டியையும் தொட மாட்டாள். பெட்டி வாங்குகிற கடையில் இவ்வளவு பேர் சோகமாக நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஜிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் விட்டிருந்தேன். திடீரென்று உள்ளங்காலில் என்னமோ ஓடியது. தரை அதிர்கிறது. காதுக்கு முன்னால் காலுக்குத்தான் முதலில் கேட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். பிறகுதான் மெதுவாக, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு ஊதல் சத்தம். நாகஸ்வரம் இல்லை. கல்யாண பேண்டு வாசிக்கிற சினிமாப் பாட்டும் இல்லை. அது எங்கேயோ போகிறது, போன வழியை மறந்துபோன மாதிரி நிற்கிறது, பிறகு வேறொரு சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஹனீபா பாய்க்கு என் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. “தம்பி கீழ ஊதிக்கிட்டு இருக்கான்மா. தொந்தரவா இருக்கா? நிறுத்தச் சொல்றேன்” என்றார். நான் கீழே போய்க் கேட்கலாமா என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பாய் கல்லாவுக்குப் பின்னால் தரையோடு தரையாக இருந்த பலகைக் கதவைத் தூக்கி, “ஜப்பாரு, ஒரு தங்கச்சி கேக்கணுங்கறாங்க. பெரிய வெளக்கப் போடு” என்று குரல் கொடுத்தார்.

கீழே மூன்று பேர் இருந்தார்கள். சாக்ஸபோன் வைத்திருந்தவர் ஜப்பார், ஹனீபா பாயின் தம்பி. நான் பெரிய பாய், சின்ன பாய் என்றே இருவரையும் கூப்பிட்டுப் பழகினேன். சின்ன பாய் துபாயில் ஒரு ஹோட்டலில் லாண்டரி செக்ஷனில் இருந்தவர். அந்த ஹோட்டலில் வாசிக்கிற பிலிப்பைன்ஸ்காரர்களின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு, அவர்களுக்கு நண்பராகி, ஊதக் கற்றுக்கொண்டார். அவர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய சாக்ஸபோனை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கீபோர்டில் இருந்தவர் ஆரோக்கியம், பாலக்கரையில் மாதா கோயிலில் பூசைப் பாட்டுகளுக்கு வாசிப்பவர். ட்ரம்ஸில் டெரிக். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் அப்பா அங்கே இன்ஸ்டிட்யூட் என்கிற ரயில்வே கிளப்பில் டான்ஸுக்கு வாசித்தவராம், அந்த ட்ரம்ஸ் செட்டே அவருடையதுதான். வேறுவேறு பேட்டைக்காரர்கள் இந்த மூன்று பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். திருச்சியில் இதெல்லாம் நடக்கும். மெட்ராஸ்காரர்கள்தான் எதற்கும் ஒரு சபா ஆரம்பிக்க வேண்டும்.

நாற்காலி கிடையாது. விற்காத பெட்டிகளின் மேல்தான் உட்கார வேண்டும். கெட்டியான பெட்டி என்றால் நல்ல ஆசனம். ரெக்ஸின் பெட்டி என்றால் பாட்டு முடிவதற்குள் மெதுவாக உள்ளே அமுங்கிப்போவோம்.

எனக்குச் சங்கீதம் வராது. சின்ன வயதில் பாட்டு டீச்சர் என்னைச் சரளி வரிசையிலேயே கைகழுவிவிட்டார். ஆனால் உட்கார்ந்து கேட்க வரும். அங்கே வாசிக்கிற ஆட்கள் இருந்தார்கள், கேட்கிற ஆள்தான் இல்லை. ஆக அந்த கிளப்பில் நானும் ஒரு வாத்தியம்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். சனிக்கிழமை தவறாமல் போனேன். வீட்டில் மறைக்கவில்லை. அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், பூமிக்கு அடியில் பாம்பு வராதோ என்று. அப்பா, “என்ன ராகம்?” என்றார். ராகமெல்லாம் இல்லை என்றதும் பேப்பரை விரித்துக்கொண்டுவிட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தில் பள்ளிவாசல். சாயங்காலப் பாங்கு கேட்டதும், எந்த இடத்தில் இருந்தாலும் வாசிப்பதை அப்படியே நிறுத்திவிடுவார்கள். பாட்டை அவசரமாக முடிப்பதெல்லாம் கிடையாது. பாதி மூச்சில், பாதி வரியில் நிற்கும். டெரிக் குச்சிகளைக் குறுக்காக ட்ரம்மின் மேல் வைத்துவிடுவார். ஆரோக்கியம் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கடைசியாக அழுத்திய கட்டைகளிலிருந்து விரலை எடுக்க மாட்டார். சின்ன பாய் கண்ணை மூடிக்கொள்வார். பாங்கு முடிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே எடுப்பார்கள். புதிதாகத் தொடங்குவது கேவலம் என்று அவர்களுக்குள் ஒரு நினைப்பு. பாங்கு முடிந்தபின் பெரிய பாய் தொழப் போவார். சின்ன பாய் வாசித்து முடித்துவிட்டுப் போவார். நான் அந்த மௌனத்துக்காகவே காத்திருப்பேன். நின்றுபோன பாட்டு நமக்குள் ஓடிக்கொண்டே இருப்பது ஒரு தனிச் சுகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சின்ன பாய் லீவில்தான் வந்திருந்தார். ஆறு மாதத்துக்குள் துபாய் திரும்பாவிட்டால் விசா செத்துவிடும். திரும்பிப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. மகளுக்கு நான்கு வயது. அந்த நான்கு வயதில் அவர் அவளோடு இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். அவர் வந்து இறங்கிய அன்று அந்தக் குழந்தை அம்மாவிடம், “இந்த மாமா எப்ப போவாங்க?” என்று கேட்டதாம். அதைச் சின்ன பாய் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். அதன்பிறகு நெடுநேரம் சாக்ஸபோனின் வாய்ப்பகுதியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் ஊதிக்கொண்டு, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்பது அவர் கட்சி. பெரிய பாய் கெட்டவர் இல்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தை ஒருநாள் என்னிடம் சொன்னார். ஒரு கல்யாணத்தில் தம்பி வாசித்ததை அவர் பார்த்திருக்கிறார். ஜனங்கள் பிரியாணிக்கு இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருக்கிறான். யாரோ ஒருவர் வந்து மைக்கில் பேச வேண்டும், கொஞ்சம் நிறுத்து என்று கையைக் காட்டினாராம். “அவன் நிறுத்திட்டாம்மா. நிறுத்திட்டு, சாரி சார்ங்கறான். அதுக்கு அவன் துபாயிலயே இருக்கலாம். அங்க அவன யாரும் கேக்கலேன்னாலும் எனக்குத் தெரியாது” என்றார் பெரிய பாய்.

கடைசியில் அண்ணனும் தம்பியும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். விசா முடிவதற்கு முந்தின சனிக்கிழமை, குடோனில் ஊர் ஜனங்களைக் கூப்பிட்டு ஒரு கச்சேரி. பெரிய பாய் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது.

“கடைசி வரைக்கும் எந்திரிக்காம உக்காந்து கேட்டாங்கன்னா குடோன் ஒனக்கு. நீயும் இங்கயே இரு. எந்திரிச்சுப் போனாங்கன்னா, நீ ஃப்ளைட்டு ஏறு. அதுக்கு மேல எங்கிட்ட பேசாத.”

சின்ன பாயின் நீலப் பெட்டி கட்டித் தயாராகக் கடை வாசலிலேயே வைக்கப்பட்டது. விற்பனைப் பெட்டிகளுக்கு நடுவில் அதில் மட்டும்தான் சாமான் இருந்தது.

ஆட்களை நான் கொண்டுவருகிறேன் என்றேன். எனக்கு ஒரே தைரியம். உட்காருவதென்றால் ஸ்ரீரங்கத்துக்காரர்களை யார் ஜெயிக்க முடியும்? அரையர் சேவைக்கு மார்கழிக் குளிரில் கல்தரையில் மணிக்கணக்காக அசையாமல் உட்காருகிற ஜாதி நாங்கள். சொற்பொழிவென்றால் சொல்பவர் களைத்தால்தான் உண்டு, கேட்பவர் களைப்பது கிடையாது. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ராகம் இல்லை என்பதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல்தான். ஆனால் அந்தக் குழந்தை, “இந்த மாமா எப்ப போவாங்க” என்று கேட்டதைச் சொன்னதும் பேப்பரை மடித்துவிட்டார். “உக்காரத்தானே வேணும்? அது நாங்க பாத்துக்கறோம்” என்றார். தன் கச்சேரி செட்டைத் திரட்டினார். உத்திர வீதி, சித்திரை வீதி மாமாக்கள். எந்தச் சபாவானாலும் முன்வரிசை, எந்தப் பாட்டானாலும் தொடையில் தாளம்.

அந்தச் சனிக்கிழமை குடோனில் நிற்க இடமில்லை. முன்னால் பஞ்சகச்சமும் திருமண்ணுமாக அப்பா செட். அவர்களுக்குப் பின்னால் சந்தில் கடை வைத்திருப்பவர்கள், அத்தர் கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர், தையல்காரர். துவாக்குடி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து எங்கோ கேள்விப்பட்டு வந்த இரண்டு பையன்கள். சுவர் ஓரமாகச் சின்ன பாயின் மனைவியும் மடியில் அந்தக் குழந்தையும். பெரிய பாய் மட்டும் கீழே வரவில்லை. மேலே பலகைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். படியேறி யார் வந்தாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் பாட்டுக்கே அப்பாவின் கை தொடையில் இறங்கிவிட்டது. ஆதி தாளம். அதைப் பார்த்து வரிசையே போட ஆரம்பித்தது. அத்தனை தொடைகளும் பட் பட் என்று ஒரே நேரத்தில் சத்தம் போட்டால் என்ன ஆகும்? டெரிக் ஒரு கணம் திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு அந்தத் தட்டுக்குள்ளேயே நுழைந்து வாசித்தார். சின்ன பாய் மெதுவான ஒரு பாட்டை எடுத்தபோது அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, “மூச்சு நன்னா நிக்கறது” என்று பக்கத்து மாமாவிடம் சொன்னார். ஒருத்தரும் அசையவில்லை. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. பாருங்கள், இதுதான் எங்கள் ஊர் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

பிறகு ஒரு பெரிய பாட்டு. நடுவில் சின்ன பாயும் ஆரோக்கியமும் நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். டெரிக் தனியாக வாசிக்கத் தொடங்கினார்.

அப்பா பக்கத்து மாமாவைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அத்தனை பேரும் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரே ஆளைப்போல எழுந்தார்கள்.

கச்சேரிக்குப் போகிற உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விட்டதும் நம் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? காபிக்குப் போவார்கள். மிருதங்கத்தின் மேல் ஒரு கோபமும் கிடையாது. பரம்பரை பரம்பரையாக அதுதான் காபி நேரம். தாளம் தனியாகக் கேட்டதும் கால் தானாகக் கேண்டீனுக்கு நடக்கும். எழுந்தோம் என்கிற நினைவே அவர்களுக்குக் கிடையாது. எனக்கும் அதைச் சொல்லிவைக்கத் தோன்றவில்லை. மூச்சு விடாதீர்கள் என்று யாராவது சொல்லிவைப்பார்களா?

முன்வரிசைப் பெரியவர்களே எழுந்ததைப் பார்த்ததும் கச்சேரி முடிந்தது என்று பின்னால் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். அத்தர் கடைக்காரர் செருப்பைத் தேடுகிறார். படியில் ஒரே நெரிசல். துவாக்குடிப் பையன்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். டெரிக்குக்கு ஒன்றும் புரியாமல், இன்னும் பலமாக வாசித்தால் நிற்பார்களோ என்று அடித்து நொறுக்குகிறார். நான் சின்ன பாயைப் பார்த்தேன். அவர் படியைப் பார்க்கவில்லை. மனைவியின் மடியில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு மேலே ஓடினேன். பெரிய பாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கோபமே இல்லை. கண் கலங்கியிருந்தது. “போதும்மா. பாத்துட்டேன்” என்றார். வாசலில் இருந்த நீலப் பெட்டியின் கைப்பிடியில் அவர் கை இருந்தது.

அதற்குள் அப்பா மேல்படிக்கு வந்துவிட்டார். வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது. பெரிய பாயைப் பார்த்து, வெகு சாதாரணமாக, “பாய், இங்க நல்ல காபி எங்கே கிடைக்கும்? தனி முடியறதுக்குள்ள வந்துடணும்” என்றார்.

பெரிய பாய்க்குப் புரியவில்லை. “போயிட்டு வருவீங்களா?” என்றார்.

“பின்னே? பாதிக் கச்சேரியில யாராவது ஆத்துக்குப் போவாளா?” என்று அப்பா திருப்பிக் கேட்டார். அவருக்குக் கொஞ்சம் மனஸ்தாபமே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பாங்கு ஒலித்தது.

கீழே டெரிக் சட்டென்று நின்றார். படியில் இருந்தவர்கள் அவரவர் நின்ற படியிலேயே நின்றார்கள். பெரிய பாய் தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். எங்கள் மாமாக்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் அப்பாவின் கை மட்டும் நிற்கவில்லை. சத்தம் வராமல் விரல் மட்டும். சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், தட்டு, வீச்சு. முப்பது வருஷம் முன்வரிசையில் போட்ட தாளம், அது அவர் சொன்னால்கூட நிற்காது. பெரிய பாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாங்கு முடிந்தது. “காபி கீழயே வரும். நீங்க போய் உக்காருங்க” என்று பெரிய பாய் சொன்னார். வந்த வழியே எல்லோரும் இறங்கினோம். கீழே டெரிக் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அமளியில் குச்சிகளைக் குறுக்கே வைக்கக்கூட மறந்திருந்தார். “எங்க விட்டேன் மேன்? தெரியலயே” என்று ஆரோக்கியத்திடம் கேட்டார். ஆரோக்கியத்துக்கும் தெரியவில்லை. அப்போது டெரிக்கின் கண்ணில் அப்பாவின் கை பட்டது. அப்பா நடந்து வருகிறார், பெட்டியில் உட்காருகிறார், கை வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறது. டெரிக் குச்சியை மெதுவாகத் தூக்கினார். அப்பா அவரைப் பார்த்துத் தலையை அசைத்து, தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டின் மேலேயே டெரிக்கின் அடி விழுந்தது. விட்ட இடம் அதுதான். குடோனே ஆஹா என்றது. பாத்திரக்கடைக்காரர் எதற்கென்று தெரியாமலேயே கை தட்டினார்.

அதன்பிறகு ஒருத்தரும் எழவில்லை. பெரிய பாய் தொழுதுவிட்டு வந்து, காபித் தூக்கை ஒரு கையிலும் நீலப் பெட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, பாட்டுக் கேட்க முதல்முறையாகக் கீழே இறங்கி வந்தார். பெட்டியை முன்வரிசையில் படுக்கவைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சின்ன பாய் ஊதிக்கொண்டே அதைப் பார்த்தார். அவ்வளவுதான், தம்பி துபாய் போகவில்லை. அடுத்த வருஷம் அந்தக் குழந்தையை ஸ்கூலுக்கு சைக்கிளில் வைத்துக் கொண்டுவிட்டது அவர்தான். நான் ஆபீஸ் போகிற வழியில் பார்ப்பேன். ஒரு கையால் ஹேண்டில்பாரில் தாளம் போட்டுக்கொண்டு போவார்.

அந்தக் குடோன் பல வருஷம் நடந்தது. சாமான் எடுத்த பிறகும் நீலப் பெட்டி அங்கேயே இருந்தது. அது அப்பாவின் ஆசனம். ட்ரம்ஸ் தனியாக வாசிக்கும்போது காபி என்பது சட்டமாகவே ஆகிவிட்டது. டெரிக் முதலில் வருத்தப்பட்டார், பிறகு அவரே குச்சியைத் தூக்கிக் காட்டி, “காபி” என்று அறிவித்துவிட்டு வாசிப்பார். உலகத்தில் எந்த ஊர் ஜாஸ் கிளப்பில் இந்த மரியாதை உண்டு, சொல்லுங்கள். நியூயார்க்கில் நான் எழுந்து நின்றபோது மகள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சுற்றி ஒருத்தரும் எழவில்லை. பாவம், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

டெரிக் பிறகு மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ஆரோக்கியமும் அப்பாவும் ஒரே வருஷத்தில் இறந்துபோனார்கள். ஒரு ஐப்பசி மழையில் குடோனுக்குள் தண்ணீர் ஏறியது. அடுத்த மழைக்கும் ஏறியது. பெரிய பாய் காலமான பிறகு கடை கைமாறியது. வாங்கியவர்கள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் குடோனை மூடி, மேலே டைல்ஸ் போட்டுவிட்டார்கள் என்று சின்ன பாய்தான் போனில் சொன்னார். அவர் இப்போது தில்லைநகரில் மகள் வீட்டில். பல்செட் கட்டியதிலிருந்து ஊத முடியவில்லை. சாக்ஸபோனைப் பேரன் பொம்மையாக வைத்திருக்கிறான். நியூயார்க் சங்கதியைச் சொன்னதும், “எந்திரிச்சீங்களா மேடம்? நல்ல காரியம் பண்ணுனீங்க” என்று வெகுநேரம் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் அந்தச் சந்துக்குப் போனேன். சூட்கேஸ் கடை இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம். கண் கூசுகிற வெளிச்சம், ஏசி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். யாரும் அங்கே செருப்பை விடுவதில்லை என்று வேலை பார்க்கிற பெண் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, கல்லா இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து நின்றேன். டைல்ஸ் சில்லென்று இருந்தது.

“என்ன பாக்குறீங்க மேடம்?” என்றாள் அந்தப் பெண்.

“கீழ ஒரு ரூம் இருந்ததும்மா.”

“இதுதான் மேடம் கிரவுண்ட் ஃப்ளோர். இதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது” என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டாள்.

சாயங்காலப் பாங்கு கேட்டது. ஷோரூமில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். சந்தில் அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. நான் அப்படியே நின்றேன். பாதி பாங்கில்தான் கவனித்தேன், புடவை மடிப்பின் மேல் என் வலது கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், தட்டு, வீச்சு. சரளி வரிசையில் டீச்சர் கைகழுவிய அதே கை. ஒரு இடம் தப்பவில்லை. அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பாங்கு முடிந்தது. கை வட்டத்தை முடித்துக்கொண்டு வந்து, தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. கீழே, விட்ட இடத்திலிருந்து எடுப்பதற்கு யாரும் இல்லை.